புகை கக்கிய வீராவும் ஒரு பழைய டர்போவும்

இன்ஜினின் எக்ஸாஸ்ட் வேகத்தில் சுழன்று அதற்குள் கூடுதல் காற்றைத் திணிக்கிற சாமான்தான் டர்போ. அதைப் பிரித்துச் சேர்ப்பது பெரிய வித்தை என்று வெளியே ஒரு நினைப்பு இருக்கிறது. கோலாலம்பூர் செகாம்புட்டில் நான் வேலை பார்க்கும் பட்டறைக்கு இது அடிக்கடி வரும் வேலைதான், கை பழகிய ஃபோர்மேனுக்கு (இங்கே மெக்கானிக்கை அப்படித்தான் சொல்வோம்) அரை நாள் போதும். அது ஏன் கெட்டது என்று தேடுவதற்குத்தான் நேரம் பிடிக்கும், அந்த நேரத்துக்குக் காசு கொடுக்கத்தான் யாருக்கும் மனசு வராது.

அண்மையில் ஒரு புரோட்டான் வீரா கார் வந்தது. உள்ளே இருப்பது மிட்சுபிஷி லான்சர் எவோ 3-இன் 4ஜி63 டர்போ இன்ஜின், ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி வரும் பழைய காரில், அதாவது ஹாஃப்-கட்டில், வாங்கிப் போட்டது. வீராவும் அந்தக் காலத்து லான்சரும் ஒரே உடம்பு என்பதால் இந்த மாற்றத்தை இங்கே பல வருடமாகச் செய்கிறார்கள். மீட்டர் இரண்டு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிக் காட்டுகிறது, ஆனால் அது வீராவின் மீட்டர். இன்ஜின் ஜப்பானில் எவ்வளவு ஓடிவிட்டு வந்தது என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். கெந்திங் மலைச் சாலையில் ஏறும்போது ஒன்றுமில்லையாம், இறங்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்னால் நீலப் புகை. "அண்ணே, டர்போ போச்சு. கிட் நானே வாங்கிட்டேன், மாத்தி மட்டும் கொடுங்க" என்று பேரிங், சீல் எல்லாம் அடங்கிய பெட்டியை நீட்டினான் வண்டிக்காரத் தம்பி.

இறங்கும்போது வரும் புகைக்கு இன்ஜினின் வால்வு சீலும் காரணமாக இருக்கலாம். அதனால் முதலில் டர்போ அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் குழாயைக் கழற்றிப் பார்த்தேன், அடியில் எண்ணெய் தேங்கிக் கிடந்தது. சரி, டர்போவேதான். ஷாஃப்டைப் பிடித்து அசைத்தால் பக்கவாட்டில் நன்றாகவே ஆடியது. அதுகூடப் பரவாயில்லை, பேரிங் எண்ணெய்ப் படலத்தில் மிதக்கிறது, அதற்குக் கொஞ்சம் இடம் வேண்டும். முன்னும் பின்னும் ஆடினால்தான் கவலை, அங்கே கையால் உணரும் அளவுக்கு ஆட்டம் இருந்தாலே ஷாஃப்டை முன்பின் நகராமல் பிடிக்கும் த்ரஸ்ட் பேரிங் முடிந்தது என்று அர்த்தம். இதிலும் ஆடியது. காற்றை அழுத்துகிற கம்ப்ரசர் பக்கத்து ஹவுசிங்கில் (உறையில்) ஓரிடத்தில் மட்டும் மெல்லிய பளபளப்பு, உள்ளே விசிறி மாதிரிச் சுழலும் வீல் தொட ஆரம்பித்திருக்கிறது. நுனி தேயுமுன் வந்துவிட்டான், அவன் நல்ல நேரம்.

பிரிப்பதற்கு முன் நட்டு, வீல், ஷாஃப்ட் மூன்றுக்கும் ஒரே நேராகக் கோடு கீறி வைக்க வேண்டும், பழைய பேலன்ஸ் அதில்தான் இருக்கிறது. பல டர்போவில் அந்த நட்டு இடது மரை, வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் கழற்ற வேண்டும், தெரியாமல் முறுக்கினால் ஷாஃப்ட் போய்விடும்.

பழைய பேரிங்கை அப்படியே குப்பையில் போடுபவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். விளக்கடியில் திருப்பிப் பார்த்தால் எல்லாம் அதில் எழுதியிருக்கிறது. நீலம் பூத்திருந்தால் எண்ணெய் போகாமல் சூடேறியிருக்கிறது, சுற்றிலும் மெல்லிய கீறல் என்றால் எண்ணெயோடு அழுக்கும் போயிருக்கிறது. இதில் நீலம் இல்லை, கீறல் இருந்தது, எண்ணெயைக் காலத்தில் மாற்றவில்லை. எக்ஸாஸ்ட் சூடு படுகிற டர்பைன் பக்கம் கருகிய எண்ணெய் கெட்டியாக ஒட்டியிருந்தது, சூட்டோடு இன்ஜினை நிறுத்துகிற வண்டி என்று அதிலேயே தெரிந்தது. சாவியை எடுத்த பிறகும் இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு ஆறவைக்கும் டைமர் மாட்டியிருக்கிறதே என்று கேட்டால், மாமாக் சாப்பாட்டுக் கடை வாசலில் ஆளில்லாமல் வண்டி உறுமிக்கொண்டு நிற்பது வெட்கமாக இருக்கிறதாம், பட்டனை அமுக்கி நிறுத்திவிடுவானாம்.

ஆனால் இவ்வளவு புகைக்கு இது போதாது. டர்போவுக்குள் எண்ணெய் பம்ப் அழுத்தத்தில் வருகிறது, வெளியே போவது தன் கனத்தால் மட்டும், அதுவும் நுரையாக. உள்ளே சீல் என்று இருப்பது ரப்பர் கிடையாது, பிஸ்டன் ரிங் மாதிரி ஓர் இரும்பு வளையம்தான். எண்ணெய் இறங்க முடியாமல் உள்ளே தேங்கினால் எந்தக் கிட்டைப் போட்டாலும் அந்த வளையத்தைத் தாண்டி வந்துவிடும். இறங்கும் குழாயைக் கழற்றினேன். முன்பு யாரோ கேஸ்கெட்டுக்கு மேல் சிலிக்கோனையும் அப்பி இறுக்கியிருக்கிறார்கள், அது உள்ளே பிதுங்கி வழியில் பாதியை அடைத்திருந்தது. போதாததற்கு இன்ஜினுக்குள் சேரும் காற்றழுத்தத்தை வெளியேற்றும் பிசிவி வால்வும் கசடு பிடித்து அடைந்து போயிருந்தது, அடியில் எண்ணெய் தங்கும் சம்பில் ஏறுகிற அழுத்தம் எண்ணெயை மேலேயே நிறுத்தி வைக்கும். கிட்டை மட்டும் மாற்றிக் கொடுத்திருந்தால் அடுத்த வாரமே அதே புகையோடு வந்து, கிட் மட்டம், ஃபோர்மேன் மட்டம் என்று திட்டியிருப்பான்.

அப்புறம் நடந்தது வழக்கமான வேலை. டர்பைன் ஹவுசிங்கில், அதிக எக்ஸாஸ்ட்டை விலக்கி விடும் வேஸ்ட்கேட் பக்கம் மயிரிழை வெடிப்பு, அந்தச் சூட்டில் ஓடிய பழைய ஹவுசிங்கில் இது சகஜம், வாய் வரைக்கும் போகாததால் விட்டுவிட்டேன். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுகிற சாமானைக் கண் மதிப்பில் சேர்க்கக் கூடாது என்பது என் பிடிவாதம், ஷாஃப்டையும் வீலையும் பேலன்சிங் மெஷின் உள்ள கடைக்கு அனுப்பித்தான் சேர்த்தேன். த்ரஸ்ட் ஆட்டத்தை டயல் கேஜில் பார்த்தேன், மில்லிமீட்டரில் நூறில் சில பங்குதான். வண்டியில் ஏற்றியதும் எண்ணெய் வரும் துளையில் கையால் எண்ணெய் ஊற்றி, ஸ்பார்க்கையும் பெட்ரோலையும் நிறுத்திவிட்டு, ஆயில் விளக்கு அணையும் வரை செல்ஃப் அடித்தேன்.

ஸ்டார்ட் செய்ததும் புகை! தம்பி முகம் செத்துப்போனது. எக்ஸாஸ்டில் ஊறிக் கிடந்த பழைய எண்ணெய் எரிய வேண்டாமா, பொறு என்றேன். காராக் நெடுஞ்சாலையில் மலை மேலுள்ள கெந்திங் செம்பா வரை ஏறி, திரும்பி இறங்கும்போது காலை எடுத்துவிட்டுக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே வந்தேன், ஒன்றும் இல்லை.

பில்லில் பிசிவி வால்வையும் குழாய் சுத்தம் செய்த கூலியையும் பார்த்து முனகினான். முதலாளி பழைய சிலிக்கோன் துண்டை எடுத்து மேசை மேல் வைத்தார், பேச்சு அதோடு நின்றது. கிளம்பும்போது பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) கொஞ்சம் ஏற்றித் தர முடியுமா அண்ணே என்று கேட்கிறான். ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டி, எண்ணெயை மாற்ற வா, அப்போது பேசலாம் என்று அனுப்பிவிட்டேன்.