தண்ணீர் லோரியும் மாமாவின் பிரெஞ்சு ஊற்றும்

ராத்திரி முழுக்கப் பேய் மழை. காலையில் பைப்பைத் திறந்தால் வெறும் காற்று. கோலாலம்பூர்க்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

செந்தூலில் எங்கள் பிளாட்டுக்குக் கீழே வாளி, தோம், பிரியாணிச் சட்டி எல்லாம் வரிசையில் நின்றன. ஆட்கள் நிழலில் நின்றோம். தண்ணீர் லோரி 'இதோ வருகிறது' என்று வாட்சாப்பில் வந்து வெகுநேரம் ஆகிவிட்டது.

இப்படி ஒரு கூட்டம் கிடைத்தால் மூன்றாம் மாடி மாமா விடுவாரா? ரிட்டையர் ஆனதிலிருந்து அவருக்கு யூடியூப்தான் வேலை.

"பிரான்ஸில் வோக்ளூஸ் என்று ஓர் ஊற்று. மலையடிக் குகையிலிருந்து கிளம்பும்போதே முழு ஆறு! சோர்க் என்று பேர். வருஷத்துக்குச் சராசரியாக 60 கோடி கன மீட்டருக்கு மேல் தண்ணீர்."

காலி வாளியோடு நிற்பவர்களிடம் சொல்கிற கணக்கா இது?

"பில் எவ்வளவு வரும் மாமா?" என்றார் எதிர்வீட்டு அக்கா.

மாமா அசரவில்லை. மழையும் பனி உருகிய நீரும் சுண்ணாம்புக்கல் விரிசல்களில் இறங்கி, உள்ளுக்குள்ளேயே சேர்ந்து, ஒரே வாய் வழியாக வெளியேறுகிறதாம். "நம்ம பத்துமலைகூட சுண்ணாம்புக்கல்தான்" என்று வேறு சொல்லி வைத்தார்.

"அப்புறம் நமக்கு ஏன்யா லோரி?" என்றார் ஒரு தாத்தா.

மாமா சட்டென்று ஆழத்துக்குப் போய்விட்டார். 1985-ல் அந்த ஊற்றுக்குள் இறக்கிய ரோபோ 308 மீட்டரில்தான் தரையைத் தொட்டதாம். நம் இரட்டைக் கோபுரத்தின் பாலமே 170 மீட்டர் உயரம்தான். அதற்கு முன்னால், 1946-ல் ஜாக் கூஸ்தோ என்ற பிரெஞ்சு முக்குளிப்பாளர் இறங்கியபோது, காற்றடைக்கும் கம்ப்ரஸர் தன் புகையையே இழுத்து சிலிண்டருக்குள் அடைத்துவிட்டிருந்தது. "கீழே போனவருக்குத் தலை சுற்றுகிறது, கை கால் ஓடவில்லை..." மாமா கண்ணை மூடி, இரண்டு கையையும் விரித்து மூழ்கியே காட்டினார்.

லோரி ஹார்ன் அடித்தது.

அவர் கண் திறந்தபோது எதிரில் ஒருவரும் இல்லை. அவருடைய நீல வாளியை யாரோ காலாலேயே தள்ளித் தள்ளி வரிசையின் கடைசிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். குழாய் வாயில் கட்டியிருந்த பழைய துணி வழியாக முதலில் வந்தது பால் ஊற்றாத தேத்தண்ணி நிறத்தில் இருந்தது. அதற்கும் அடிதடி.

லிஃப்டும் அன்றைக்கென்று ஓடவில்லை. பாதி தண்ணீரைப் படிக்கட்டுக்குத் தாரை வார்த்தபடி ஏறிக்கொண்டிருந்த அக்கா, திரும்பிப் பார்த்து, "மாமா, அந்த ஆள் பிழைச்சாரா இல்லையா?" என்று கேட்டுவிட்டார்.

மாமா வாளியைக் கீழே வைத்தார். பின்னால் வந்த நாங்கள் அத்தனை பேரும் படியிலேயே மாட்டிக்கொண்டோம்.