பைய மூடுறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி

மருந்துக்கடை கவுண்டர்ல நிக்க ஆரம்பிச்சு பல வருஷம் ஆச்சு, ஆனா ஒரு சாயங்காலம் மட்டும் இன்னும் மனச விட்டுப் போகல. முடக்குவாதத்துக்கு மருந்து எடுக்குற ஒரு அம்மா வந்தாங்க. சீட்டுல மெத்தோட்ரெக்ஸேட், வாரத்துக்கு ஒரு தடவ, கூடவே பிரஷர் மாத்திரை, இன்னும் ரெண்டு மூணு. நல்ல கூட்டம், போன் வேற அடிச்சுட்டே இருக்கு, பேசிக்கிட்டே லேபிள் அடிச்சேன். மத்ததெல்லாம் தினமும் ஒண்ணு, அதே பழக்கத்துல இதுக்கும் 'தினமும் ஒண்ணு'ன்னு விழுந்துடுச்சு. பைய மூடப் போறப்ப, "இத எப்படி சாப்பிடுவீங்கன்னு ஒரு தடவ சொல்லுங்கம்மா"ன்னு கேட்டேன். அட்டைய எடுத்துப் பாத்துட்டு, "திங்கக்கிழம மட்டும்தானே தம்பி, இதுல தினமும்னு போட்ருக்கே"ன்னாங்க.

எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல.

அந்த மருந்து, செல்லு பெருகுறதுக்குத் தேவையான ஃபோலேட்ங்கிற வைட்டமினோட வேலைய தடுக்குறது, அதனால உடம்புல வேகமா பெருகுற செல்லுங்கதான் முதல்ல அடி வாங்கும், எலும்பு மஜ்ஜை, வாயோட உள்பக்கம், குடல் எல்லாம். வாரத்துக்கு ஒண்ணுன்னா மூட்டுக்கு மருந்து, அதையே தினமும் போட்டா வாய்ப்புண்ணுல ஆரம்பிச்சு ரத்த அணு இறங்கி உயிரே போயிருக்கு, உலகம் பூரா பல எடத்துல இந்த ஒரே தப்பு திரும்பத் திரும்ப நடந்திருக்கு. இப்ப எங்க கடையில லேபிள்ல கிழமையோட பேரையே பெருசா அடிக்கிறோம், 'வாரம் ஒரு முறை'ன்னு மட்டும் போட்டு விடுறதில்ல.

அன்னைக்கு ராத்திரியே ஒரு நோட்டு போட்டேன். கைக்குப் போகாம தப்பிச்ச தப்பெல்லாம், நியர் மிஸ்னு சொல்லுவோமே, அத எழுதுறதுக்கு. யார் செஞ்சாங்கன்னு பேர் கெடையாது, என்ன நடந்துச்சு, எந்த நேரம், பக்கத்துல என்ன நடந்துட்டிருந்துச்சு, அவ்வளவுதான். திட்டு விழும்னு தெரிஞ்சா யாரும் எழுத மாட்டாங்க, எழுதலன்னா அதே தப்பு இன்னொரு நாள் வேற ஒருத்தர் வீட்டுக்குப் போயிடும். ரெண்டு மாசத்துல பாத்தா பாதிக்கு மேல போன் பேசிட்டு இருந்தப்ப நடந்தது. அதுலருந்து ஷெல்ஃப்லருந்து மருந்த எடுத்துக் கொடுக்குறவர் போன் எடுக்குறதில்ல, எடுத்தவரே சரிபாக்குறதும் இல்ல, இன்னொருத்தர் சீட்டையும் அட்டையையும் முதல்லருந்து பாக்கணும்.

பேர் குழப்பமும் கொஞ்சநஞ்சம் இல்ல. வயித்து அமிலத்துக்கு வந்த லோசெக்ங்கிற மாத்திரைய, சிறுநீர் போறதுக்கான லேசிக்ஸோட மாத்திக் கொடுத்து அமெரிக்காவுல பிரச்சனையாகி, 1990ல லோசெக்க பிரைலோசெக்னு பேர் மாத்துனாங்க. ஒரு கம்பெனி பேரையே மாத்துற அளவுக்குப் போச்சுன்னா, நாம ஷெல்ஃப்ல ரெண்டு டப்பாவ தள்ளி வைக்கிறதுக்கு என்ன கஷ்டம்? ஒரே மாதிரி பேர், ஒரே மாதிரி அட்டை இருந்தா பிரிச்சுதான் வைக்கணும்.

ஃப்ரிட்ஜ் விஷயம் சுருக்கமா சொல்றேன். பிரிக்காத இன்சுலின் 2லருந்து 8 டிகிரிக்குள்ள இருக்கணும், டெம்பரேச்சர தினமும் பாத்து எழுதணும். உறைஞ்சு போனது திரும்ப இளகி பாக்க நல்லா இருந்தாலும் தூக்கித்தான் போடணும், அதனாலதான் ஃப்ரீசர் தட்ட ஒட்டி வைக்காதீங்கன்னு வாங்குறவங்க கிட்டயும் சொல்றேன்.

சர்வீஸ் வேற சேஃப்டி வேறன்னு சிலர் பேசுறாங்க, எனக்கு அது ஒத்து வராது. நாலு பேர் நிக்கிறப்ப ஒருத்தரோட வியாதிய சத்தமா கேட்டா அவர் பாதிய மறைச்சிடுவாரு. ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் சாப்பிடுறவர் வலிக்கு ஐபுப்ரோஃபென் கேட்டு வந்து, கூச்சத்துல வார்ஃபரின சொல்லாம போனா ரத்தக்கசிவு வரைக்கும் போகலாம். அதுக்காகத்தான் ஓரமா கூப்பிட்டு மெதுவா கேக்குறேன். குழந்தைக்கு சிரப் கொடுக்குறப்ப வீட்டு ஸ்பூன்ல அளக்காதீங்கன்னு சொல்லி ஊசியில்லாத சிரிஞ்ச கையில கொடுத்து கோட்டக் காட்டுறேன், சொட்டு மருந்தும் சிரப்பும் ஒரே மருந்தா இருந்தாலும் ஒரு மில்லியில இருக்குற அளவு வேற வேற.

இதுக்கெல்லாம் ஒரு ஆளுக்கு ஒரு நிமிஷம் கூடுதலா ஆகும், பின்னாடி நிக்கிறவங்களுக்குக் கோவம் வரும், வரட்டும், அவங்க முறை வர்றப்ப அவங்களுக்கும் அதே நிமிஷத்த கொடுப்பேன். நீங்க கடைக்குப் போறப்ப ஒண்ணு மட்டும் செய்ங்க, இப்ப சாப்பிட்டுட்டு இருக்குற எல்லா மாத்திரை அட்டையையும் கையோட எடுத்துட்டுப் போங்க, சளிக்கு நீங்களா வாங்கிப் போட்டது உட்பட. அதுலயும் பாராசிட்டமால் இருக்கலாம், காய்ச்சல் மாத்திரையிலயும் இருக்கலாம், பெரியவங்களுக்கே ஒரு நாளைக்கு 4 கிராம் தாண்டக் கூடாது, அட்டைய பாத்தாதான் எங்களால கூட்டிச் சொல்ல முடியும்.