நுனியைப் பார், கிளையைப் பிறகு பார்

காரைக்குடியில் உட்கார்ந்துகொண்டு கிளைப் பவளங்களை இனம் பிரித்துப் பழகுகிறேன். மண்டபத்துக்கு ரயிலில் போய்க் கரையோரம் எடுத்துவந்த படங்கள் கொஞ்சம். வளவில் இருக்கும் கண்ணாடி அலமாரியில் ஐயா அந்தக் காலத்தில் மலேயாவிலிருந்து கொண்டுவந்த வெள்ளைத் துண்டு ஒன்று. பாடசாலை இவ்வளவுதான்.

மொத்த வடிவத்தை வைத்துப் பெயர் சொல்வதை விட்டுவிட்டேன். ஒரே இனம் அலை மோதும் இடத்தில் குட்டையாக, தடித்து, நெருங்கி வளரும். அடங்கிய தண்ணீரில் மெலிந்து விரியும். பாலிப், அதாவது பவளத்தைக் கட்டும் சின்ன உயிரி, குடியிருக்கும் கிண்ணம் அவ்வளவு மாறாது.

அதனால் முதலில் நுனி. அங்கே ஒரே ஒரு பெரிய குழாய்க் கிண்ணம் நின்று, பக்கமெல்லாம் சின்னக் கிண்ணங்கள் இருந்தால் அக்ரோபோரா என்னும் பேரினம். மான்கொம்புப் பவளம் இதில் சேர்ந்ததுதான். நுனிப் பாலிப் நீள நீளக் கிளையும் நீள்கிறது. பக்கத்தில் இருப்பவை அதிலிருந்து மொட்டுவிட்டவை.

ஐயாவின் துண்டில் நுனிக் குழாய் இல்லை. லென்ஸ் வைத்தால் கிளை முழுக்கப் பலாக்காய்த் தோல் மாதிரி முண்டு முண்டாக இருக்கிறது, முண்டுகளின் மேலும் பொடிக் கிண்ணங்கள். அப்படியென்றால் போசிலோபோரா என்னும் வேறு பேரினம். "பாத்தது போதும், துடைச்சு உள்ளே வையிப்பா, அது என்ன பேசவா போகுது" என்கிறார் அப்பத்தா.

தலைவலி, விரல் விரலாக வளரும் இரண்டும்தான்: மாண்டிபோரா டிஜிடேட்டா, போரைட்டஸ் சிலிண்ட்ரிகா. இரண்டிலும் நுனிக் குழாய் கிடையாது. போரைட்டஸில் கிண்ணங்கள் இடைவெளியே இல்லாமல் சுவரோடு சுவர் ஒட்டியிருக்கும். மாண்டிபோராவில் அவை இன்னும் பொடிசு, நடுவில் வெற்றிடமும் தெரியும். போன் கேமரா தடுமாறுவது இங்கேதான். மில்லிமீட்டர் கோடு தெரிகிற ஸ்கேலை ஒட்டிவைத்து எடுத்தால் கொஞ்சம் பரவாயில்லை.

மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986 முதல் தேசியப் பூங்கா. நினைத்தபடி இறங்க முடியாது. கடினப் பவளங்கள் 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. செத்து ஒதுங்கிய துண்டானாலும் படம் எடுத்துவிட்டு அங்கேயே போட்டுவிட வேண்டியதுதான்.

அலை உருட்டிய துண்டில் நுனி தேய்ந்துபோயிருக்கும். அப்போது உடைந்த முகத்தைப் பார்க்கிறேன். அக்ரோபோராவின் நுனிக் குழாய் கிளையின் நடுவாகவே ஓடுவதால், முறிவில் மையத்துளை தெரியும். அதுவும் அடைபட்டிருந்தால் குறிப்பேட்டில் 'கிளைப் பவளம்' என்று மட்டும் எழுதிவிடுகிறேன்.