ங்கம்பா தீவின் சிம்பன்சிக் காப்பகத்தில் தன்னார்வலராகச் சேர்ந்த அனுபவம்

உகாண்டாவின் எண்டெபி நகரிலிருந்து சுமார் 23 கிலோமீட்டர் தொலைவில், விக்டோரியா ஏரிக்குள் இருக்கும் ங்கம்பா தீவில் 1998ஆம் ஆண்டு முதல் சிம்பன்சிகளுக்கான காப்பகம் ஒன்று இயங்கி வருகிறது. இறைச்சிக்காகவோ, பயிரை அழித்துவிட்டது என்ற ஆத்திரத்திலோ தாயைக் கொன்றுவிட்டு, குட்டியை மட்டும் உயிரோடு பிடித்து விற்பவர்களிடமிருந்து மீட்கப்பட்டவையே அங்கு வாழும் ஏறத்தாழ 50 சிம்பன்சிகளில் பெரும்பாலானவை. அங்கே தன்னார்வலராகச் சேர்வதற்கு நான் கடந்து வந்த நடைமுறைகளை, தமிழ்நாட்டிலிருந்து அதே முயற்சியில் இறங்க விரும்புவோருக்காக இங்கே எழுதுகிறேன்.

முதலில் இடத்தைத் தேர்ந்தெடுப்பது பற்றிச் சொல்ல வேண்டும். இத்தகைய பணிக்குப் பெரும்பாலும் நாமே கட்டணம் செலுத்த வேண்டியிருப்பதால், அந்தப் பணம் யாருக்குப் போகிறது என்று விசாரிக்கும் பொறுப்பும் நம்முடையதே. தென்னாப்பிரிக்காவில் சிங்கக்குட்டிகளைத் தன்னார்வலர்களிடம் கொடுத்துப் புட்டிப்பால் ஊட்டச் செய்து, அவை வளர்ந்ததும் வேலியிட்ட நிலத்தில் வேட்டைக்காரர்களுக்கு இரையாக்கும் வணிகம் பல ஆண்டுகள் நடந்தது. சிங்கங்களைக் கூண்டில் வளர்த்து இனம் பெருக்கும் இந்தத் தொழிலை முடிவுக்குக் கொண்டுவரப்போவதாக அந்நாட்டு அரசு 2021இல் அறிவித்தது. எனவே விலங்குகள் எங்கிருந்து வருகின்றன, வளர்ந்தபின் எங்கே போகின்றன, அங்கு இனப்பெருக்கம் செய்யப்படுகிறதா, வருவோர் விலங்குகளைத் தொட அனுமதிக்கப்படுகிறார்களா என்ற கேள்விகளுக்குத் தெளிவான விடை தராத இடத்தை நான் ஒதுக்கிவிட்டேன். ங்கம்பாவில் பெண் சிம்பன்சிகளுக்குக் கருத்தடை செய்யப்படுகிறது. புதிதாக மீட்கப்படும் குட்டிக்கு இடம் இருக்க வேண்டும் என்பதே அதற்குக் காரணம். ஆப்பிரிக்க நாடுகளின் குரங்கினக் காப்பகங்கள் 2000ஆம் ஆண்டில் உருவாக்கிய கூட்டமைப்பில் இது உறுப்பினராகவும் இருக்கிறது.

விண்ணப்பத்தை விடவும் அதிக நேரம் பிடித்தது மருத்துவச் சான்றுகளைச் சேர்க்கும் வேலைதான். நமக்கு வெறும் சளியாக வந்து போகும் நோய், சிம்பன்சிக்கு உயிரைப் பறிப்பதாக முடியலாம். 2013இல் அதே உகாண்டாவின் கிபாலே காட்டில், மனிதர்களிடம் சாதாரண ஜலதோஷத்தை உண்டாக்கும் ஒரு வகை வைரஸ் பரவியதில், 56 சிம்பன்சிகள் கொண்ட ஒரு கூட்டத்தில் ஐந்து இறந்தன. இதை அறிந்த பிறகு, காப்பகம் கேட்ட ஒவ்வொரு தாளையும் நான் மனமுவந்தே தேடி எடுத்தேன்.

இந்தியர்களுக்கு இதில் தனிக் கவனம் தேவைப்படுவது காசநோய்ப் பரிசோதனை. குழந்தைப் பருவத்தில் பி.சி.ஜி. தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களுக்கும், எப்போதோ உள்ளே நுழைந்த கிருமி நோயாக மாறாமல் அடங்கிக் கிடப்பவர்களுக்கும், மாண்டூ எனப்படும் தோல் சோதனையில் தடிப்பு ஏற்படக்கூடும். எனக்கும் தடிப்பு வந்தது. பி.சி.ஜி.யால் குழப்பம் அடையாத இக்ரா என்ற இரத்தப் பரிசோதனையைச் செய்துகொண்டு, மார்பு எக்ஸ்ரேயையும் நுரையீரல் மருத்துவரின் கடிதத்தையும் இணைத்து அனுப்பியபின் அது ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஹெபடைடிஸ் பி தடுப்பூசியின் மூன்று தவணைகளும் முடிய வழக்கமாக ஆறு மாதங்கள் ஆகும் என்பதால், முன்பு போட்டிராதவர்கள் அதிலிருந்தே தொடங்குவது நல்லது. தட்டம்மைத் தடுப்பூசியும் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியும் உயிருள்ள கிருமியைக் கொண்டவை; இரண்டையும் ஒரே நாளில் போட வேண்டும், இல்லையேல் நான்கு வாரமாவது இடைவெளி விட வேண்டும் என்று மருத்துவர் விளக்கினார்.

மஞ்சள் காய்ச்சல் சான்று இல்லாமல் உகாண்டாவுக்குள் நுழைய முடியாது. சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் நான் ஊசி போட்டுக்கொண்டேன். ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்று செல்லுபடியாகும் என்பதைக் கணக்கில் கொண்டே பயணச்சீட்டு வாங்க வேண்டும். அதன்பின் அது ஆயுள் முழுவதும் செல்லும். விசாவுக்கு இணையத்தில் விண்ணப்பிக்கலாம். எந்த வகை விசா தன்னார்வப் பணிக்குப் பொருந்தும் என்பதைக் காப்பகத்திடமே எழுத்தில் கேட்டுப் பெற்றுக்கொள்வது பாதுகாப்பானது.

தீவுக்குச் செல்லும் படகு நிலநடுக்கோட்டைக் கடந்து போகிறது. இறங்கியதும் முதலில் சொல்லித்தரப்பட்டவை முகக்கவசம், கை கழுவுதல், கிருமிநாசினித் தொட்டியில் காலணியை நனைத்தல் ஆகியவையே. அதைவிட அழுத்தமாகச் சொல்லப்பட்டது, எந்தச் சிம்பன்சியையும் தொடக் கூடாது, கம்பி வழியே அது கையை நீட்டினாலும் நம் கையை நீட்டக் கூடாது என்பது. வளர்ந்த ஆண் சிம்பன்சியின் பலத்துக்கு முன் மனிதக் கை நிற்காது என்பது ஒரு காரணம். மனிதனால் தாயை இழந்த ஒரு விலங்கு, மனிதனைச் சாராமல் தன் கூட்டத்தோடு வாழக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது எனக்கு அதைவிடப் பெரிய காரணமாகப் பட்டது.

காலையில் சிம்பன்சிகள் காட்டுக்குள் சென்றபின், அவை இரவு தங்கும் கூண்டுகளைத் தேய்த்துக் கழுவுவதும், அவற்றின் தூளிகளைச் சரிபார்ப்பதும், மூட்டை மூட்டையாகப் படகில் வரும் காய்கனிகளைக் கழுவி நறுக்குவதும் எங்கள் வேலை. தீவின் காடு சுமார் 40 ஹெக்டேர்தான். இத்தனை சிம்பன்சிகளுக்கு அது தரும் உணவு போதாது என்பதால் வெளியிலிருந்து உணவு தந்தே ஆக வேண்டும். மேடையிலிருந்து மின்வேலிக்கு அப்பால் பழங்களை வீசும்போது, தலைமை ஆண் ஒரு பக்கம் வாரிக்கொள்ள, பயந்த சுபாவம் உள்ளவை பின்னால் ஒதுங்கி நிற்கும். பராமரிப்பாளர்கள் ஒவ்வொன்றையும் பெயரால் அழைத்து, அதன் கையெட்டும் தூரத்தில் சரியாக வீசுவார்கள். காட்டுக்குள்ளிருந்து வரும் கூச்சலை மட்டும் கேட்டே அது யாருடையது என்று அவர்கள் சொல்லும்போது எனக்கு அவர்கள்மேல் பெரும் மதிப்பு ஏற்பட்டது. மரக்கட்டையில் துளையிட்டுத் தேனையோ கஞ்சியையோ நிரப்பி வைத்தால், சிம்பன்சிகள் குச்சியை ஒடித்து, இலையை உருவி, நுனியைச் சீராக்கி உள்ளே விட்டு நக்கும். அந்தக் கட்டைகளைத் தயாரிப்பதுதான் நான் மிகவும் விரும்பிச் செய்த பணி. மாலையில் கஞ்சி ஊற்றும் நேரத்தில் அவை தாமாகவே கூண்டுக்குத் திரும்பும். காட்டிலேயே தங்க நினைக்கும் சிம்பன்சியைத் திரும்பும்படி யாரும் வற்புறுத்துவதில்லை.

இரவில் கொசுவலையும் மலேரியாத் தடுப்பு மாத்திரையும் கட்டாயம். நத்தை வழிப் பரவும் ஒட்டுண்ணி நோய் இருப்பதால் விக்டோரியா ஏரியில் குளிப்பதைத் தவிர்க்க வேண்டும். திரும்பும்போதும் மஞ்சள் காய்ச்சல் சான்றைக் கையில் வைத்திருங்கள். அது இல்லாமல் உகாண்டாவிலிருந்து வருபவர்களை இந்தியாவில் ஆறு நாட்கள் வரை தனிமைப்படுத்த முடியும். ஊர் வந்தபின்னும் மாத்திரையைச் சொன்ன காலம் வரை தொடர வேண்டும். அடுத்த சில மாதங்களுக்குள் காய்ச்சல் எதுவும் வந்தால், உகாண்டா சென்று வந்ததை மருத்துவரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட்டு, அன்றே மலேரியாவுக்கான இரத்தப் பரிசோதனையைச் செய்துகொள்ள வேண்டும்.