மூன்றாம் நாள் தெரிந்த எறும்புகள்

வற்றாப்பளை அம்மனின் வைகாசிப் பொங்கலுக்கு நேர்த்தி வைத்து, இருபது ஆண்டுகளாக நாள்தோறும் கசிப்பு என்னும் கள்ளச்சாராயத்தைக் குடித்து வந்த என் சித்தப்பா ஒரே நாளில் குடியை நிறுத்தினார். வீடே மகிழ்ந்தது. மறுநாள் காலை, தேநீர்க் கோப்பையை இரு கைகளாலும் பிடித்திருந்தும் பாதித் தேநீர் அவருடைய சாரத்தில் சிந்தியது. மூன்றாம் நாள் இரவு அவர் பாயிலிருந்து எறும்புகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சித்தியின் உள்ளங்கையில் வைத்துக்கொண்டிருந்தார். பாயில் ஓர் எறும்புகூட இல்லை.

பேய் பிடித்துவிட்டதென்று அயலவர்கள் பூசாரியை அழைக்கப் புறப்பட்டார்கள். நாங்கள் ஓட்டோவில் ஏற்றி வைத்தியசாலைக்குக் கொண்டுபோனோம். வைத்தியர் முதலில் கேட்டது ஒன்றைத்தான்: "கடைசியா எப்ப குடிச்சவர்?"

மது மூளையின் இயக்கத்தைத் தணிக்கும் பொருள். ஆண்டுக்கணக்கில் அது நாள்தோறும் உடலுக்குள் செல்லும்போது, அந்தத் தணிப்பை ஈடுகட்டுவதற்காக மூளை தன் கிளர்ச்சியைக் கூட்டி வைத்துக்கொள்கிறது; மது திடீரென நின்றால் அந்தக் கிளர்ச்சி அடக்குவாரின்றிக் கட்டவிழ்கிறது. கடைசியாகக் குடித்த 6 முதல் 24 மணி நேரத்துக்குள் நடுக்கம், வியர்வை, குமட்டல் தொடங்கும். 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரக்கூடும். அதன் பிறகு, பெரும்பாலும் மூன்றாம் நாளளவில், சிலருக்குக் காய்ச்சலும் பிதற்றலும் இல்லாதவை கண்ணுக்குத் தெரிவதும் ஏற்படும். இந்நிலையைச் சிகிச்சையின்றி விட்டால் உயிரே போகலாம். டயசிபாம் போன்ற மருந்தை அளவு குறைத்துக் குறைத்துக் கொடுத்து மூளையை அமைதிப்படுத்துவார்கள். நெடுநாள் குடித்தவரின் உடலில் வற்றிப்போயிருக்கும் தயமின் என்ற விற்றமின் பி1-ஐயும் ஊசியாக ஏற்றுவார்கள். அது கிடைக்காவிட்டால் நினைவாற்றல் நிரந்தரமாகக் கெட்டுவிடக்கூடும்.

எப்போதாவது குடிப்பவர் நிறுத்துவதற்கு இவ்வாறு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் வன்னியில் கசிப்பே அன்றாடமாகிப் போனவர்கள் பலர். சாராயப் போத்தலில் வலிமை அச்சிடப்பட்டிருக்கும்; கசிப்போ ஒவ்வொரு வடிப்பிலும் மாறுவதால், தான் எவ்வளவு குடிக்கிறார் என்பது குடிப்பவருக்கே தெரியாது. கசிப்பு வடிப்பதற்காகப் புளிக்கவைத்த கோடா பீப்பாய்களைப் பொலிசார் கைப்பற்றினார்கள் என்ற செய்தியைக் கேட்டு நாம் மகிழ்கிறோம், அது நியாயமே. அன்றிரவு குடிக்கக் கிடைக்காமல் நடுங்கப்போகும் மனிதரை மட்டும் எவரும் நினைப்பதில்லை. நிறுத்தத்தான் வேண்டும், ஆனால் இத்தகையவர்கள் நிறுத்துவதற்கு முன்பே வைத்தியரிடம் போக வேண்டும்.

சித்தப்பா பிழைத்தார், நேர்த்தியும் நிறைவேறியது. இப்போது எங்கள் ஒழுங்கையில் எந்தப் பெண்ணாவது தன் கணவர் குடியை விடப்போகிறார் என்று சொன்னால், சித்தி உடனே கேட்கிறார்: "காலமை எழும்பேக்க கை நடுங்கிறதோ?"