கற்பூரவல்லி பிளேட்டில் ஒருவழியாக வட்டமான வளையம்

ஒருவழியாக வளையம் வட்டமாக விழுந்துவிட்டது! பாக்டீரியா வளர்க்கிற பிளேட்டில், கற்பூரவல்லிச் சாறு விட்ட குழியைச் சுற்றி பாக்டீரியா வளராத வளையம் 15 மி.மீ., ஸ்கேலை எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் அதே அளவு. பக்கத்துக் குழியில் வெறும் டிஎம்எஸ்ஓ, அதாவது மூலிகை கலக்காத கரைப்பான் மட்டும். அங்கே பாக்டீரியா குழியின் விளிம்பு வரைக்கும் வளர்ந்து நிற்கிறது. எனக்கு இந்தக் குழிதான் முக்கியம். இது இல்லாத பிளேட்டைக் காட்டி ‘மூலிகை வேலை செய்யுது’ என்று யார் சொன்னாலும் நம்பமாட்டேன்.

கிருமி பாசில்லஸ் சப்டிலிஸ். பயிர்நோய்க்கு உரக்கடையில் விற்கும் பவுடரிலிருந்து பிரித்தெடுத்தது. வீட்டில் நோய்க்கிருமி எதையும் வளர்ப்பதில்லை. அதில் எனக்குச் சமரசமே கிடையாது. சென்னை வெயிலில் இன்குபேட்டரும் தேவைப்படவில்லை, அலமாரிக்குள்ளேயே நன்றாக வளர்கிறது.

இத்தனை நாள் உயிரை வாங்கியது குழி வெட்டுகிற வேலைதான். ஆறு மி.மீ. ஸ்டீல் ஸ்ட்ராவால் முல்லர்-ஹின்டன் அகரை, அதாவது பாக்டீரியா வளரும் ஜெல்லியை, அழுத்தினால் வெட்டு சுத்தமாகத்தான் விழும். நடுத்துண்டை எடுக்கும்போதுதான் வினை. ஊசியால் நெம்பினால் சுற்றியுள்ள அகரும் கண்ணாடியை விட்டு லேசாகக் கிளம்பிவிடும். மேலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. சாறு விட்டதும் அந்த இடுக்கில் பச்சையாக ஒரு நாக்கு நீளும். மறுநாள் வளையம் ஒரு பக்கம் மட்டும் இழுத்துக்கொண்டு நிற்கும். அதில் எதை அளப்பது?

தீர்வு இரண்டு. துண்டை நெம்பாமல் சிரிஞ்சால் நேர்மேலே உறிஞ்சி எடுக்க வேண்டும். அப்புறம் உருக்கிய அகரில் ஒரு சொட்டை குழியின் அடியில் விட்டு இறுகவிட வேண்டும். அகர் உருக 85 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும்; ஆனால் ஒருமுறை உருகிவிட்டால் 40 டிகிரி வரை இறங்கினாலும் இறுகாது. அதனால் சுடுதண்ணீரில் 50 டிகிரியில் வைத்திருந்தால் நிதானமாக எல்லாக் குழியையும் அடைக்கலாம். பிளேட் தடிமன் 4 மி.மீ. இருந்தால், அடைத்த பிறகும் 50 மைக்ரோலிட்டர் தாராளமாகப் பிடிக்கும்.

இலையைப் பற்றி ஒரு வார்த்தை. கற்பூரவல்லி சதைப்பற்றானது, நம்ம ஊர் ஈரக்காற்றில் காய்வதற்குள் பூஞ்சை பிடிக்கும். அதற்காக மொட்டைமாடி வெயிலில் போட்டுவிடாதீர்கள். கிருமியின் சவ்வைக் குலைக்கிற கார்வக்ரால் என்ற இலையின் வாசனைப் பொருள் ஆவியாகக்கூடியது, வாசனையோடு அதுவும் பறந்துவிடும். நறுக்கி, ஒற்றை அடுக்காகப் பரப்பி, நிழலில் ஃபேன் காற்று போதும். எத்தனாலுக்கு உரிமம் அது இது என்பதால் ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில்தான் ஊறவைத்தேன். தண்ணீரில் காய்ச்சிய கஷாயத்துக்கு வளையமே இல்லை. கார்வக்ரால் தண்ணீரில் சரியாகக் கரையாது என்பதால் அது எதிர்பார்த்ததுதான்.

அதே காரணத்தால் அது அகரிலும் மெதுவாகத்தான் பரவும். ஆகவே 15 மி.மீ. என்பதை வைத்து இன்னொரு மூலிகையோடு போட்டி போட முடியாது. ஒப்பிட வேண்டுமென்றால் திரவத்தில் எம்ஐசி, அதாவது கிருமி வளர்வதைத் தடுக்கும் மிகக் குறைந்த அளவு, பார்க்க வேண்டும். அதற்கு ரெசாசுரின் என்ற நீலச் சாயம் வாங்க நைனியப்ப நாயக்கன் தெருவுக்குப் போக வேண்டும்; கிருமி உயிரோடு இருந்தால் நீலம் ரோஸ் ஆகிவிடும், கண்ணாலேயே பார்த்துவிடலாம். அப்படியே ராசப்ப செட்டித் தெருவில் நிலவேம்பும் வாங்கிவிடுவேன். தெருவோரக் குப்பைமேனி இப்போதே ஃபேனுக்கடியில் காய்கிறது. வளையம் விழுந்த பிளேட்டுகளை இன்னும் கழுவவில்லை. பாசில்லஸின் ஸ்போர், அதாவது அதன் கெட்டியான உறங்குநிலை வடிவம், லேசில் சாகாது, முதலில் குக்கரில் முழு அழுத்தத்தில் அரை மணி நேரம் வைக்க வேண்டும்.