ஆஃபரில் எடுத்த மிக்சியைத் திருப்பிக் கொடுக்க நான்கு முறை அலைந்தேன்

கடந்த ஆடித் தள்ளுபடியில் மதுரையில் உள்ள ஒரு பெரிய வீட்டு உபயோகப் பொருள் கடையில் மிக்சி ஒன்று வாங்கினேன். விலை 5,890 ரூபாய். அம்மாவின் பழைய மிக்சிக்கு 500 ரூபாய் கழித்துக்கொண்டு, மீதி 5,390 ரூபாயைக் கார்டில் வாங்கிக்கொண்டார்கள். கூடவே ஓர் இண்டக்‌ஷன் அடுப்பு இலவசம். நான்காம் நாள் காலை தேங்காய்ச் சட்னி அரைத்துக்கொண்டிருந்தபோது மோட்டாரிலிருந்து கருகிய வாடை எழுந்து மிக்சி நின்றுபோனது.

திருமங்கலத்திலிருந்து பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போய் இறங்கிய என்னிடம், கவுன்டரில் இருந்த பையன் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல், "அக்கா, ஆஃபர்ல எடுத்த ஐட்டத்துக்கு ரிட்டர்ன் கிடையாது, கம்பெனி சர்வீஸ்ல குடுங்க" என்று சொல்லிவிட்டான். பில்லின் அடியில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்ற வரியையும் விரலால் காட்டினான். சர்வீஸ் சென்டரில் மோட்டாரை இலவசமாகவே மாற்றித் தருவதாகச் சொன்னார்கள். நான்கு நாளில் கருகிய பொருளைப் பழுதுபார்த்து வைத்துக்கொள்ள எனக்கு மனமில்லை. ஆகவே, 'மோட்டார் காயில் கருகியுள்ளது, பயன்படுத்தியதால் வந்த பழுது அல்ல' என்று ஜாப் ஷீட்டில் எழுதி முத்திரையிட்டுத் தரும்படி கேட்டு வாங்கிக்கொண்டேன். பின்னால் என்னைக் காப்பாற்றியது அந்த ஒரு தாள்தான். இதே நிலையில் இருப்பவர்கள் வாய்ப்பேச்சோடு அங்கிருந்து கிளம்பிவிட வேண்டாம்.

இரண்டாம் முறை ஜாப் ஷீட்டோடு போனபோது ஆஃபர் கூப்பனைக் கேட்டார்கள். அந்தக் கூப்பனை டெலிவரி கவுன்டரில் அவர்களே கிழித்து வாங்கிக்கொண்டார்கள் என்று எவ்வளவு சொல்லியும் பயனில்லாமல், அன்றைய பொழுது முழுவதும் வீணானது. வீட்டுக்கு வந்து தேடியதில், அடுப்புப் பெட்டியின் மேல்மடிப்பில் ஸ்டேப்ளர் அடித்து ஒட்டியிருந்த பாதிக் கூப்பன் கிடைத்தது. பழைய பேப்பர்காரருக்குப் போட எடுத்து வைத்திருந்த பெட்டி அது! இலவசப் பொருளின் அட்டைப்பெட்டியையும் ஒரு மாதமாவது தூக்கிப் போடாதீர்கள். பில்லையும் அன்றே போட்டோ எடுத்து வையுங்கள். என்னுடையதில் தேதி இருந்த இடம் மூன்றே வாரத்தில் வெளிறிப்போயிருந்தது.

மூன்றாம் முறை மேலாளர் வந்தார். கால்குலேட்டரைத் தட்டி, 5,390 ரூபாயில் அடுப்பின் எம்.ஆர்.பி. 2,790 ரூபாயைக் கழித்து, 2,600 ரூபாய்க்குக் கிரெடிட் நோட் தருவதாகவும், அதை ஒரு மாதத்துக்குள் அதே கடையில் செலவழிக்க வேண்டும் என்றும் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது அந்த இடத்தில்தான். பில்லில் அடுப்புக்கு நேரே பூஜ்ஜியம் போட்டிருக்கிறார்கள். கொடுக்கும்போது விலையில்லாத பொருளுக்குத் திருப்பி வாங்கும்போது மட்டும் 2,790 ரூபாய் எங்கிருந்து முளைத்தது? ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்பது உண்மையில் இரண்டு பொருளையும் சேர்த்து ஒரே விலைக்கு விற்பதுதான் என்று மத்திய மறைமுக வரி வாரியமே 2019 மார்ச்சில் ஜி.எஸ்.டி. சுற்றறிக்கையில் விளக்கியிருக்கிறது. அப்படியானால் இரண்டையும் ஒப்படைக்கிறேன், கொடுத்த பணத்தை முழுதாகக் கொடுங்கள் என்றேன். முதலாளியைக் கேட்டுச் சொல்வதாக அனுப்பிவிட்டார்.

அன்று மாலையே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசிப் புகாரைப் பதிந்தேன். அவர்கள் கடைக்கு உத்தரவு போட முடியாது, புகாரை எடுத்துச் சென்று சமரசம் செய்யத்தான் முடியும். ஆனால் புகார் எண் ஒன்று கையில் இருக்கும். அதோடு, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(47) பிரிவையும் எழுதி எடுத்துக்கொண்டேன். குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்று, பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், பணத்தைத் தர மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை என்கிறது அது. ஆஃபர் பொருளுக்கு அதில் விலக்கு எதுவும் இல்லை. ஆனால் பொருள் நன்றாக இருந்து, நிறம் பிடிக்கவில்லை, மனம் மாறிவிட்டது என்று கொண்டுபோனால் இந்தப் பிரிவு உதவாது. அங்கே கடைக்காரர் வைத்ததுதான் விதி.

நான்காம் முறை, வாங்கிய 24ஆம் நாள், ஜாப் ஷீட், பாதிக் கூப்பன், புகார் எண், துடைத்துப் பெட்டியில் வைத்த அடுப்பு எல்லாவற்றையும் மேலாளரின் மேசையில் வைத்தேன். மறுத்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன், 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது என்றும் சொன்னேன். அவர் உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்து, பத்தே நிமிடத்தில் 5,390 ரூபாயையும் கார்டுக்கே திருப்பிப் போட்டார். ஆறாம் நாள் வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்தது.

பழைய மிக்சிக்கு உரிய 500 ரூபாய்தான் இன்னும் வரவில்லை. அது பதினொரு வருடம் உழைத்த மிக்சி, கொடுத்த அன்றுகூட நன்றாக ஓடியது. அதை அன்றே பழைய சாமான் லாரியில் ஏற்றிவிட்டார்களாம், அதற்குத் தனி ரசீதும் கிடையாதாம். பில்லில் அந்த 500 ரூபாய் கழித்துக் காட்டப்பட்டிருப்பதால், அதையும் கேட்டு எழுத்தில் மனுக் கொடுத்து, நகலில் கடையின் முத்திரையை வாங்கி வைத்திருக்கிறேன்.